கலண்டர் தாளின் பின்பக்கம்

அந்த வான் வண்டியின் இலக்கத்தை ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். வேறு கடதாசி கைக்கு அகப்படவில்லை.

2020 டிசெம்பர். விடிய ஐந்து மணி இருக்கும். பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைக்க, எழும்பி வேலியடிக்குப் போனேன். படலையில் ஒரு வான் நின்றது. வெள்ளை இல்லை, சாம்பல். அந்த இருட்டிலும் நிறத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஏன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை: வெள்ளை வானில் ஏற்றிப்போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. சிவில் உடுப்பில் நாலு பேர், பக்கத்து வீட்டு அக்காவின் மகனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 24 வயது, மேசன் வேலை செய்கிற பெடியன். "சின்ன விசாரணைதான் அம்மா, பின்னேரம் கொண்டுவந்து விடுவம்" என்று ஒருவர் தமிழில் சொன்னார். அவன் திரும்பவும் அந்தப் படலையைத் திறந்தது 15 மாதம் கழித்து.

நான் அப்போது எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். வவுனியா வடக்கில், 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியேறிய ஊர். கோழிக்குஞ்சுக் கடன், சுழற்சிக் கடன், முன்பள்ளிக்குக் கூரை, இவைதான் சங்கத்தின் வேலை. சட்டப் புத்தகத்தை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் பிழை விட்டுக் கற்றதுதான். அந்தப் பிழைகளை இன்னொரு ஊர் விடாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் பிழை அன்றைக்கே நடந்தது. "பின்னேரம்" என்ற சொல்லை நம்பி, பின்னேரம் வரைக்கும் இருந்துவிட்டோம். அந்த அக்கா மகனுக்குச் சோறு போட்டு மூடிவைத்தார். ஆறு மணியாகியும் வராததால் இரண்டு பேரும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். "எங்கட ஆக்கள் ஒருத்தரையும் பிடிக்கேல்லை" என்றார்கள். அப்படியென்றால் ஆளைக் காணவில்லை என்று முறைப்பாடு எழுதுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அது தோன்றவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். போய்க் கேட்டதற்கே சாட்சி இல்லாமல் போனது.

அடுத்த நாள் காலை, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், அவரிடம் போனேன். சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கலண்டர் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "இலக்கம் மட்டும் போதாது பிள்ளை. நேரம் எழுது. எத்தனை பேர் எண்டு எழுது. ஆர் ஆர் பாத்தவை எண்டும் எழுது. மறக்க முன்னம் எழுது" என்றார். அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதினேன். அந்த ஒரு தாள்தான் பிறகு எல்லா முறைப்பாட்டுக்கும் மூலப் பிரதி.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் அவனைப் பிடித்திருந்தார்கள். அந்தச் சட்டத்துக்கும் எனக்கும் ஒரே வயது. 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்த தற்காலிகச் சட்டம் அது. 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். பிடியாணை இல்லாமல் பிடிக்கலாம். 72 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும், அல்லது அமைச்சர் கையொப்பமிட்ட தடுப்புக்காவல் உத்தரவு இருக்க வேண்டும். அந்த உத்தரவு மூன்று மாதத்துக்கு. மூன்று மூன்று மாதமாக நீட்டி, அப்போது 18 மாதம் வரை வைத்திருக்கலாம். 2022 மார்ச்சில் வந்த திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது.

ஆனால் அந்தக் கடுமையான சட்டத்தைச் சுற்றியும் சில வேலிக்கட்டைகள் இருக்கின்றன. எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. 2006 ஜூலையில் வெளியிட்ட ஜனாதிபதிப் பணிப்புரை ஒன்று இருக்கிறது. பிடிக்க வருகிறவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கைது செய்ததற்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். பிறகு, 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டம்: பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் யாரைப் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996தான். சட்டம் வந்த வருடமும் இலக்கமும் ஒன்று என்பதால் எங்கள் கிழவிகளுக்குக்கூட அது பாடம்.

அந்த இலக்கத்துக்கு அடித்தது இரண்டாம் நாள் மத்தியானம். அதற்கு முன் ஒரு சண்டை.

முன்பள்ளிக் கட்டிடத்தில் சங்கக் கூட்டம் வைத்தேன். கொரோனாக் காலம், கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தோம். அந்த அக்கா வரவில்லை, வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சங்கம் ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். "எங்கட கடனை நிப்பாட்டினா?" என்றார் ஒருவர். "பிறகு எங்கட வீட்டுப் படலையிலயும் வான் நிக்கும்" என்றார் இன்னொருவர். 2009இல் போர் முடிந்தபோது மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அவன் ஏதும் செய்திருந்தா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் முகநூலில் ஏதோ படம் போட்டதாக ஊருக்குள் கதை இருந்தது. என்ன படம் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்ற தபாலதிபர்தான் சொன்னார். "செய்தானோ இல்லையோ எண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் நீதவானே? ஆரு கொண்டு போனது, எங்க வச்சிருக்கினம், எந்த உத்தரவில? இந்த மூண்டையும் கேக்கலாம்தானே. கேக்கிறதுக்கு அவன் நல்லவனா இருக்க வேணும் எண்டு இல்லை."

பல வருடம் கழிந்தும் எங்கள் சங்கம் பிடித்துக்கொண்டிருக்கும் நூல் இதுதான். அவன் அப்பாவி என்று கடிதம் எழுதியிருந்தால் பத்துப் பேரும் கையொப்பம் வைத்திருக்க மாட்டார்கள், வைத்தவர்களும் பயந்திருப்பார்கள். மூன்று கேள்வி மட்டும் இருந்த கடிதத்தில் முப்பத்தெட்டுப் பேர் ஒப்பமிட்டார்கள். "அவன் செய்திருந்தா?" என்று கேட்ட அம்மாதான் முதல் ஆள். கிராம சேவகர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதில் பிழை ஒன்றும் இல்லையே என்று, அவன் எங்கள் ஊரில் நிரந்தரமாக வசிப்பவன் என்ற வதிவிட உறுதிப்படுத்தலையும் சேர்த்துத் தந்தார்.

கடிதத்தைப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும், வவுனியாவில் இருக்கும் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் பற்றுச்சீட்டை ஒட்டிவைக்க வேண்டும் என்பதில் தபாலதிபர் பிடிவாதம். முதலில் சிரித்தோம். சிரித்தது அந்த ஒரு தரம்தான். 1996க்கு அடிக்கும்போது யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, முறைப்பாட்டு இலக்கம் என்ன என்று எழுதிக்கொண்டோம். நாலாம் நாள் அவன் கொழும்பில், தடுப்புக்காவல் உத்தரவில் இருக்கிறான் என்று பதில் வந்தது. அந்த அக்கா அதைக் கேட்டு அழவில்லை. "உயிரோட இருக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்று நாளாக மூடிவைத்திருந்த சோற்றுக் கோப்பையைக் கழுவப் போனார்.

இந்த இடத்தில் ஒரு மாதக் கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்கள் இதில்தான் தவறவிடுகின்றன. அடிப்படை உரிமை மீறல் வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஆள் எங்கே என்று தேடுவதிலேயே அந்த மாதம் ஓடிவிடும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அந்த விசாரணை நடக்கிற காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. இதை எங்களுக்குச் சொன்னவர் வவுனியாவில் ஒரு இளம் சட்டத்தரணி. காசு வாங்காமல் கடைசிவரை வழிகாட்டினார். நாங்கள் பதற்றத்தில் கொடுத்த முறைப்பாடு தற்செயலாக அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது. தற்செயலை நம்பாதீர்கள்.

இரண்டாவது பிழை, போஸ்டர். ஊர் இளைஞர் இரண்டு பேர் அவனுடைய படத்தைப் போட்டு, பெரிய வசனங்களுடன் முகநூலில் பதிவிட்டார்கள். நல்ல மனதோடுதான். அடுத்த கிழமை இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதைவிட மோசம், அந்தப் பதிவின் கீழ் யார் யாரோ எழுதிய பின்னூட்டங்களை அவனுடைய அம்மாவிடம் காட்டிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சங்கம் ஒரு முடிவெடுத்தது: அம்மாவும் சட்டத்தரணியும் பார்க்காமல் ஒரு வரியும் வெளியே போகாது. மற்றப் பக்கம், பயத்தில் போனில் இருந்ததையெல்லாம் அழிக்க ஓடியவர்களும் இருந்தார்கள். சட்டத்தரணி தலையில் கைவைத்தார். எதையும் அழிக்க முன் என்னைக் கேளுங்கள், அழித்ததே ஒரு குற்றச்சாட்டாக வரும் என்றார்.

தரகர்கள் வேறு. மூன்றாம் கிழமை ஒருவர் வந்தார். மேலிடத்தில் ஆளைத் தெரியுமாம், இரண்டு லட்சம் தந்தால் பொங்கலுக்கு வீட்டில் நிற்பானாம். அந்த அக்கா தோட்டை அடகுவைக்கக் கழற்றிவிட்டார். நல்லவேளை, கடைக்குப் போகும் வழியில் எங்கள் பொருளாளரைச் சந்தித்தார். தரகரிடம், "காசு தாறம், தடுப்புக்காவல் உத்தரவின்ர பிரதி ஒண்டை முதல்ல எடுத்துத் தாங்கோ" என்று சொல்லிப் பார்த்தோம். ஆள் திரும்பி வரவில்லை. வேறு ஊர்களில் காணியை விற்றுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது வீடு தனித்துப்போவது. இதைச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் சட்டம் ஊருக்குள் வேலை செய்வதே இதனால்தான். ஒரு ஆளைப் பிடித்தால் நூறு பேர் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை நிறுத்துகிறார்கள். கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவிட்டார். மேசன் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், பெடியனின் பாக்கிச் சம்பளத்தைத் தர வீட்டுக்கு வரப் பயந்து, கோயிலில் வைத்து என்னிடம் தந்தார். சொந்தத் தங்கச்சியே போனில் "கொஞ்ச நாளைக்கு எடுக்காத அக்கா" என்றாராம்.

நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. முறை போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு பேர், ஒளித்து இல்லாமல், றோட்டால் நடந்து போய். விசாரிக்க வந்தவர்கள் "ஏன் இந்த வீட்டுக்கு வாறியள்?" என்று கேட்டால், "தேத்தண்ணி குடிக்க" என்று சொல்வது என்று பேசிவைத்தோம். அதுதான் உண்மையும். ஒரு நாள் அப்படி வந்த ஒருவருக்கும் அந்த அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்தார். என்ன எழுதிக்கொண்டு போனாரோ தெரியாது.

முதல் சந்திப்புக்குக் கொழும்புக்கு நானும் கூடப்போனேன். இரவு பஸ்ஸில் போய், விடிய இறங்கி, வரிசையில் நின்று, பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் தாயும் மகனும் அழுதே முடித்துவிடுவார்கள் என்று சட்டத்தரணி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் மூன்று கேள்வியை அக்காவுக்குப் பாடமாக்கி விட்டோம்: நித்திரை கொள்ள விடுகினமா, மருந்து தருகினமா, ஏதும் கையெழுத்து வாங்கினவையா. மூன்றாவதுதான் முக்கியம். இந்தச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேல் உள்ள ஒருவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக எடுபடும். வற்புறுத்தி வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் உள்ளே இருப்பவர். நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குச் சாட்சி. 1993இல் கைதானவர். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், வாக்குமூலமோ சிங்களத்தில், அவருடைய பெருவிரல் அடையாளத்தோடு. அதை வைத்தே 50 வருடத் தண்டனை, பிறகு மேன்முறையீட்டில் 35ஆகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது நியாயமான விசாரணை அல்ல என்று சொல்லியும் 2006இல் இங்குள்ள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாக்குமூலத்தைத் தன் மொழியில் கொடுக்கும் உரிமையும் அந்த 2006 பணிப்புரையில் இருக்கிறது. "விளங்காத தாளில ஒப்பம் வைக்காத தம்பி" என்று அம்மா சொன்னபோது அவன் தலையைக் குனிந்தான். ஏற்கனவே இரண்டு தாளில் வைத்திருந்தான். எந்தத் தேதியில், யார் முன்னால், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பதை அன்றைக்கே எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுத்தோம்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. 2021 ஜனவரியில் வவுனியாவில் ஒரு சிறிய கூட்டம். மன்னார்ப் பக்கமிருந்து முஸ்லிம் பெண்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவர்களுடைய ஆட்களும் இதே சட்டத்தில் உள்ளே. ஒருவருடைய மடியில் எங்களுடையதைப் போலவே ஒரு கோப்பு, இன்னும் தடிப்பு. 2019 ஏப்ரலில் அவர்களுடைய வீடுகளைச் சோதனை போட்டபோது, "நல்லாத் தேடட்டும்" என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தி. அதை அவர்களிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தது அதிகம்: தடுப்புக்காவல் உத்தரவு முடிகிற தேதியைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிடு, அதற்குப் பத்து நாள் முன்னாடியே கடிதம் போடு, உடுப்புப் பார்சலில் என்ன கொடுத்தாய் என்று பட்டியல் எழுதி ஒப்பம் வாங்கு.

அவர்கள் ஊர்ப்பக்க இளம் ஆசிரியர், கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2020 மேயில் கைதாகி அப்போதும் உள்ளேதான் இருந்தார். வன்முறைக்கு எதிராகத் தமிழில் எழுதிய கவிதைகளே தீவிரவாதம் என்று சொல்லப்பட்டன. 2021 டிசெம்பரில் பிணை, 2023 டிசெம்பரில் விடுதலை. தமிழ்க் கவிதையை வாசித்து விளங்க மூன்றரை வருடம் எடுத்திருக்கிறது.

2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை போன நடைபயணத்தில், வவுனியாவில் வைத்து எங்கள் சங்கத்தில் ஒன்பது பேர் சேர்ந்துகொண்டோம். அரசியல் கைதிகளின் விடுதலையும் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்ற கோரிக்கையும் ஒரே ஊர்வலத்தில் வந்தன. கொரோனாத் தடையைக் காட்டி நீதிமன்றக் கட்டளைகள் வந்தன, சிலருக்குப் பிறகு விசாரணையும் வந்தது. கால் வலியைத் தவிர எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2022 மார்ச்சில் அவனுக்குப் பிணை கிடைத்தது. சட்டமா அதிபர் ஆட்சேபிக்கவில்லை. எங்கள் கடிதங்களால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மாதம் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர், ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகைப் பேச்சு வேறு. பெரிய இடத்துக் காற்றுத்தான் கதவைத் தள்ளியது. ஆனால் கதவு திறந்தபோது அவனுடைய கோப்பு ஒழுங்காக இருந்தது: தேதிகள், பிரதிகள், மருந்துச் சீட்டுகள், எல்லாம் வரிசையில். பக்கத்து மாவட்டத்தில் இதே காலத்தில் பிடிபட்ட ஒருவருக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அவர் பிறகும் பல மாதம் உள்ளேதான் இருந்தார். அந்த 2022 மார்ச் திருத்தத்தின்படி, கைதாகி 12 மாதத்துக்குள் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். கேட்க ஆள் வேண்டும், தேதி தெரிய வேண்டும்.

அதே வருடம் ஓகஸ்டில் தெற்கில் மாணவர் செயற்பாட்டாளர் மூவரை இந்தச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். தொலைக்காட்சியில் சிங்களத் தாய் ஒருவர் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, "அவவுக்கு ஆரும் அந்த ஒரு மாதக் கணக்கைச் சொல்லியிருப்பினமோ?" என்று கேட்டார். சட்டத்தை நீக்கச் சொல்லிச் செப்டெம்பரில் காங்கேசன்துறையிலிருந்து அம்பாந்தோட்டை வரை கையெழுத்து வாகனம் ஒன்று போனது. அந்தத் தாளில் ஒப்பம் வைத்துவிட்டு, சிங்களவர்களும் வைப்பார்களா என்று அவர் கேட்டார். வைத்தார்கள் என்று பிறகு செய்தியில் பார்த்தோம். அந்த மூவரில் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து நீதவான் விடுவித்தது 2023 ஜனவரி 31.

அவன் இப்போது திரும்பவும் மேசன் வேலைக்குப் போகிறான். பிணை நிபந்தனைப்படி மாதக் கடைசி ஞாயிறு பொலிஸ் நிலையத்தில் ஒப்பமிட வேண்டும். தனியே போவதில்லை, ஊரில் யாராவது கூடப்போகிறோம். உள்ளே என்ன நடந்தது என்று இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கலண்டர் விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. இப்போது கடைகளில் தருகிற கலண்டர் தாள்களின் பின்பக்கத்திலும் சமையல் குறிப்பு, ராசிபலன் என்று அச்சடித்துவிடுகிறார்கள், எழுத இடம் இல்லை. அதனால் சங்கத்தால் வீட்டுக்கு ஒரு 40 பக்கக் கொப்பி வாங்கிக் கொடுத்தோம். முதல் பக்கத்தில் 1996, சட்டத்தரணியின் இலக்கம், தபாலதிபரின் அந்த மூன்று கேள்வி. பேனையை நூலால் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டிருக்கிறோம். பிள்ளைகள் பேனையை எடுத்து விளையாடி மையை முடித்துவிடுகிறார்கள், அதனால் மாதம் ஒருக்கால் யாராவது வீடு வீடாகப் போய் எழுதிப் பார்க்கிறோம். இந்த மாதம் என் முறை.